ஓட்டு நாளும் பாட நாளும்

தேர்தல் தேதி வெளியானவுடன் கட்சிக்காரர்கள் தொகுதிக் கணக்கைப் பார்க்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் கூட்டணிக் கணக்கைப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ காலண்டரைப் பார்க்கிறார்கள். அன்று என்ன கிழமை என்பது ஒன்றே அவர்களுக்குள்ள அரசியல் பிரச்னை. ஞாயிற்றுக்கிழமையாக இருந்துவிட்டால் பெரிய ஏமாற்றம். வெள்ளியாகவோ திங்களாகவோ அமைந்துவிட்டாலோ, ஜனநாயகத்தின் மேல் அவர்களுக்கு உண்டாகும் பக்தியை வர்ணிக்க முடியாது. 2024ஆம் வருஷத்துப் பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த நாள் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டன. உபாத்தியாயர்களுக்கு மட்டும் அந்த மூன்று நாள் பாக்கியம் முழுதாகக் கிட்டவில்லை. அதன் காரணம் பின்னால் வரும்.

பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தருவது பெற்றோர்களுக்குக் கவலை தருவது உலக வழக்கம். "ஒரு நாள் ஓட்டுக்காக ஊரிலுள்ள பள்ளிக்கூடங்களையெல்லாம் மூட வேண்டுமா? குழந்தைகளின் படிப்பு என்ன ஆவது?" என்று கேட்கும் நேயர்கள் பலர் உண்டு. படிப்பைப் பற்றிய கவலை எந்த உருவத்தில் வந்தாலும் அதை நான் வரவேற்பேன். ஆனால் இந்தக் கவலை திருடன் போன திசையை விட்டு வேறு தெருவில் தேடுகிறது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

கணக்கைப் பாருங்கள். 2019 முதல் 2024 வரை ஆறு வருஷங்களில் தமிழ்நாட்டில் நடந்த பொதுத் தேர்தல்கள் எத்தனை? 2019 ஏப்ரல் 18ஆம் தேதி பாராளுமன்றத் தேர்தல். அதே வருஷம் டிசம்பர் 27, 30 தேதிகளில் பெரும்பாலான ஜில்லாக்களில் கிராமப்புற உள்ளாட்சித் தேர்தல். 2021 ஏப்ரல் 6 சட்டசபைத் தேர்தல். அந்த வருஷம் அக்டோபர் 6, 9 தேதிகளில் விட்டுப்போன ஒன்பது ஜில்லாக்களின் உள்ளாட்சித் தேர்தல். 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். 2024 ஏப்ரல் 19 மறுபடியும் பாராளுமன்றம். பட்டியல் நீளமாகத் தோன்றுகிறது. ஆனால் எந்த ஒரு ஊரை எடுத்துக்கொண்டாலும், இடைத்தேர்தல் நீங்கலாக, அந்த ஊர் மக்கள் ஆறு வருஷத்தில் நான்கு தடவைதான் விரலில் மை வைத்துக்கொண்டார்கள். அந்த நான்கிலும் சில, பாடம் நடக்காத காலத்தில் விழுந்தவை. 2019 டிசம்பர்த் தேர்தல் அரையாண்டு விடுமுறைக்குள் அடங்கிவிட்டது. 2021 ஏப்ரலில் தொற்றுநோய் காரணமாகப் பெரும்பாலான வகுப்புகள் ஏற்கெனவே மூடிக் கிடந்தன. 2022 பிப்ரவரி 19 சனிக்கிழமை. 2016ஆம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலோ மே மாதம் 16ஆம் தேதி, அக்கினி நட்சத்திரத்துக்கு நடுவில் நடந்தது; அதற்காக ஒரு நிமிஷப் பாடமும் நஷ்டமாகவில்லை. ஆறு வருஷத்தில் இரண்டு மூன்று பாட நாட்கள் போனதற்காகக் கூக்குரல் போட வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் இதைவிட அதிகம் போகிறது.

அந்த ஒரு நாள் விடுமுறை சட்டப்படி வருவதாகும். 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஓட்டுரிமையுள்ள தொழிலாளி எவரும் ஓட்டு நாளில் சம்பளம் குறையாமல் விடுமுறை பெறலாம் என்பது அதன் சாரம். கூலி போய்விடுமே என்று அஞ்சி ஓட்டுச் சாவடிக்குப் போகாதிருந்த ஏழைக்காக ஏற்பட்ட ஏற்பாடு. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. பொது விடுமுறையை அறிவிப்பதற்கு நம் சர்க்கார்கள் எடுத்தாளுகிற சட்டம் வேறு. அது 1881ஆம் வருஷத்தில் வெள்ளைக்காரர்கள் உண்டியல், செக்கு விவகாரங்களுக்காகச் செய்தது. சுதந்திர தேசத்துப் பிரஜைகள் ஓட்டுப் போடுவதற்கு வட்டிக்கடைச் சட்டத்தின் துணை வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை.

பள்ளிக்கூடத்தை ஓட்டுச் சாவடியாக வைத்துக்கொள்வதிலும் எனக்கு ஆட்சேபமில்லை. உண்மையில் எனக்கு அதில் சிறிது கர்வமும் உண்டு. வாக்காளர் எவரும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கும்படி இருக்கலாகாது என்பது தேர்தல் கமிஷனின் விதி. 2024இல் தேசம் முழுவதும் சுமார் பத்தரை லட்சம் ஓட்டுச் சாவடிகள் அமைத்தார்கள். எல்லா ஊரிலும் உள்ள, எல்லாச் சாதியாரும் தயக்கமின்றி நுழையக்கூடிய, எந்தக் கட்சிக்கும் எந்த மதத்துக்கும் சொந்தமல்லாத கட்டடம் எது? கோயில் ஆகாது, கல்யாண மண்டபம் ஆகாது, மிராசுதார் வீட்டுத் திண்ணை ஆகவே ஆகாது. பள்ளிக்கூடம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. தன் பேரன் உட்காரும் வகுப்பறைக்குள் ஒரு கிழவி தடி ஊன்றி வந்து, பட்டனை அழுத்திவிட்டு, சுவரில் தொங்கும் தேசப்படத்தை ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். அந்தச் சுவருக்கு அதைவிட நல்ல உபயோகம் என்ன இருக்கிறது?

பழைய காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். செங்கற்பட்டுக்கு மேற்கே உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. 919, 921ஆம் வருஷங்களைச் சேர்ந்தவை. ஊர்ச் சபைக்கு அங்கத்தினர்களைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை அவற்றில் விவரமாக வெட்டப்பட்டிருக்கிறது. முப்பது குடும்புகள், ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவது, முன்னே பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரை விலக்கிவிடுவது. இந்தக் கடைசி விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமூச்சு வரும். நிற்க. குடத்திலிருந்து ஓலையை எடுப்பதற்குப் பெரியவர் யாரையும் நம்பவில்லை. ஒரு சிறு பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். காணி நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள ஆடவர்களுக்கு மட்டுமே அந்தச் சபையில் இடமிருந்தது. ஆகையால் அதை இன்றைய ஜனநாயகத்தோடு சேர்த்துப் பேசிப் பூரித்துப் போக வேண்டாம். ஆயினும் தேர்தல் நாளில் அவர்கள் சிறுவனுக்குச் சபை நடுவில் ஒரு வேலை கொடுத்தார்கள். நாம் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அனுப்பட்டும், ஒரு நாள்தானே?

அந்த ஒரு நாளோடு விஷயம் முடிந்திருந்தால் இதை எழுதவே போவதில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு வகை நாட்கள் நஷ்டமாகின்றன. ஒன்று, கதவு மூடியிருக்கும் நாள். இன்னொன்று, கதவு திறந்திருந்தும், மணி அடித்தும், பிள்ளைகள் வந்து உட்கார்ந்தும், உபாத்தியாயர் மட்டும் இல்லாத நாள். முதல் வகை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, பத்திரிகையில் வருகிறது, சில சமயம் சனிக்கிழமை பள்ளி வைத்து ஈடும் செய்துவிடுகிறார்கள். இரண்டாவது வகை ஏட்டில் வேலை நாளாகவே பதிவாகிறது. வருகைப் பதிவேட்டில் பிள்ளைக்கு ஆஜர்; உபாத்தியாயர் பெயருக்கு நேரே "அலுவல் நிமித்தம்" என்று குறிப்பு. இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன. பாடம்தான் நடக்கவில்லை.

இந்த இரண்டாவது வகை நாட்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்கிறேன். தேர்தல் என்பது ஒரு நாளில் நடப்பதாக வெளியார் நினைக்கிறார்கள். தேர்தலுக்கு முதல் காரியம் வாக்காளர் பட்டியல். ஒவ்வொரு ஓட்டுச் சாவடிக்கும் ஒரு வாக்குச்சாவடி நிலை அலுவலர் உண்டு. பெயர் கம்பீரமாக இருக்கிறதே என்று யாரும் மயங்க வேண்டாம். பல இடங்களில் அவர் பஞ்சாயத்து யூனியன் துவக்கப்பள்ளி உபாத்தியாயர். வேறு இடங்களில் அங்கன்வாடி ஊழியர், சத்துணவு ஊழியர், நகரசபை ஊழியர். பெயர் சேர்ப்பதற்கு ஆறாம் எண் படிவம், நீக்குவதற்கு ஏழாம் எண், திருத்துவதற்கு எட்டாம் எண். முன்பெல்லாம் ஜனவரி முதல் தேதி பதினெட்டு வயது நிரம்பியவர் என்று ஒரு கணக்குத்தான் இருந்தது. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு தேதிகள். வாலிபர்களுக்கு இது நன்மை. அலுவலருக்கோ வருஷத்தில் எந்த மாதமும் ஓய்வு மாதமில்லை.

2025இல் இது உச்சிக்குப் போயிற்று. அந்த வருஷம் நவம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பமாயிற்று. ஆறு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். வீடு வீடாகப் போய்க் கொடுக்க வேண்டும்; மறுபடி போய் வாங்க வேண்டும்; ஆள் இல்லையென்றால் மூன்று தடவை போக வேண்டும்; பிறகு செல்போனில் பதிவேற்ற வேண்டும். டிசம்பர் 4 வரை என்று விதித்த தவணையைப் பின்னர் நீட்டினார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய வாரங்கள் அவை. பாடத்தை முடிக்க வேண்டிய சமயத்தில் உபாத்தியாயர் தெருவில் கதவு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் திருத்தம் வேண்டுமா வேண்டாமா என்று கட்சிகள் செய்த விவாதத்தில் நான் தலையிடவில்லை. வகுப்பறையில் யார் இருந்தார்கள் என்பது மட்டுமே என் கேள்வி.

பட்டியல் வேலையை அற்பம் என்று நான் சொல்லமாட்டேன். 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்குப் பதினேழு கோடிக்கு மேற்பட்ட பெயர்களைப் பட்டியலில் ஏற்றினார்கள். அப்போது பல லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாய்" என்றே சொன்னார்கள். பிரதம தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏறக்குறைய இருபத்தெட்டு லட்சம் ஸ்திரீகளின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கின. கண்டிப்பு அப்போது கொடூரமாகத் தோன்றினாலும், அடுத்த தேர்தலுக்குள் அந்த ஸ்திரீகள் தம் பெயரைச் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் எண்ணம். பெயரைக் கேட்டு எழுதுகிறவர் ஊர் மக்களுக்கு அறிமுகமானவராகவும், எழுத்துப் பிழை செய்யாதவராகவும், யாருக்கும் பயப்படாதவராகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் ஊரில் உபாத்தியாயர்தான் என்று சர்க்கார் நினைப்பது எங்களுக்குக் கௌரவம். கௌரவத்தின் கிரயத்தை மட்டும் மூன்றாம் வகுப்புப் பையன் கொடுக்கிறான்.

பட்டியல் முடிந்தபின் பயிற்சி. ஓட்டுச் சாவடிக்கு ஒரு தலைமை அலுவலர், அவருக்குக் கீழே மூன்று பேர். இயந்திரத்தை இணைப்பது, முத்திரை வைப்பது, கணக்குப் படிவம் நிரப்புவது எல்லாவற்றுக்கும் பல கட்டப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் பாடம் பிழைத்தது. வேலை நாளில் வைத்தால் போயிற்று. ஓட்டுக்கு முதல் நாள் சாவடிக்குப் போய் அங்கேயே தங்க வேண்டும். காலை ஏழு மணிக்கு ஓட்டுப் பதிவு என்றால், ஐந்தரை மணிக்கே கட்சி ஏஜெண்டுகளின் முன்னிலையில் ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். மாலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் சீட்டுக் கொடுத்து அவர்கள் ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை இருந்து, முத்திரை வைத்து, இயந்திரங்களை எடுத்துப் போக வண்டி வரும்வரை காத்திருந்து, நள்ளிரவுக்கு மேல் பஸ் இல்லாத ஊரிலிருந்து வீடு திரும்ப வேண்டும். பெண் ஆசிரியைகள் படும் பாட்டைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகும். அப்புறம் ஓட்டு எண்ணிக்கைக்கு இன்னொரு பயிற்சி; இன்னொரு நாள். மேலே ஏப்ரல் 19ஆம் தேதியைப் பற்றி நான் சொன்னதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

2024இல் நான்காம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்புவரை படித்த பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வில் அறிவியல், சமூக அறிவியல் தாள்கள், ரம்ஜானை முன்னிட்டு, ஏப்ரல் 22, 23 தேதிகளுக்குப் போயின. ஓட்டு நாளைத் தாண்டிப் பரீட்சை. தேர்தல் அலுவலில் கண்விழித்த உபாத்தியாயர் இரண்டு நாள் கழித்து வந்து வினாத்தாளைக் கொடுத்தார். விடைத்தாளை அவர் எந்த நிலையில் திருத்தியிருப்பார் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பெரிய பள்ளிக்கூடத்தில் நாற்பது ஆசிரியர்களில் பத்துப்பேர் போனால் மற்றவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். இரண்டு உபாத்தியாயர் பள்ளிக்கு வருவோம். துவக்கப்பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இப்படிப்பட்ட பள்ளிகள் ஏராளம். ஐந்து வகுப்புகள், இரண்டு பேர். அதே சட்டம் துவக்க வகுப்புகளுக்கு வருஷத்துக்கு 200 நாள், 800 மணி நேரப் பாடம் வேண்டும் என்கிறது. அதாவது நாளுக்கு நான்கு மணி நேரம். இரண்டு பேர் சேர்ந்தால் எட்டு மணி நேரம், 480 நிமிஷம். ஐந்து வகுப்புக்குப் பங்கிட்டால் ஒரு வகுப்புக்கு உபாத்தியாயர் முகம் பார்க்கக் கிடைப்பது 96 நிமிஷம். ஐந்து பாடம் என்று வைத்துக்கொண்டால் பாடத்துக்குப் பத்தொன்பது நிமிஷம். நல்ல நாளிலேயே நிலைமை இது. ஒருவரைத் தேர்தல் அலுவலுக்கு அழைத்துவிட்டால் வகுப்புக்கு 48 நிமிஷம். பாடத்துக்குப் பத்து நிமிஷம்கூட இல்லை. அந்தப் பத்து நிமிஷத்திலும் பாதி, "சத்தம் போடாதே" என்பதில் போய்விடும். பாவம், அவர் என்ன செய்வார்? ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்கார வைத்து, பெரிய பிள்ளைகளைச் சிறியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு அடுப்பைப் பார்க்கப் போவார். இரண்டு பேரையும் அழைத்துவிட்டால், பக்கத்து ஊரிலிருந்து யாரோ ஒருவர் வந்து சாவியைத் திறந்து வைக்கிறார். கதவு திறந்திருக்கிறது. ஆகவே அது வேலை நாள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போகிறார்கள் என்று கண்டு, 2022இல் தமிழ்நாட்டு சர்க்கார் முதல் மூன்று வகுப்புகளுக்கு "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. தொற்றுநோய்க் காலத்தில் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்புவது நோக்கம். நல்ல திட்டம். ஆனால் அதற்கு வேண்டியது அட்டையும் புத்தகமும் மட்டுமல்ல. தினந்தோறும் அதே முகம் வந்து அதே பிள்ளையின் அருகில் உட்கார வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்து அறிவிப்பது தறியில் பாவு ஓட்டுவதைப் போன்றது. இடையில் இழை அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து தொடர முடியாது. கொஞ்சம் பின்னாலிருந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வர வேண்டும். மூன்று நாள் இடைவெளிக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

இந்த நஷ்டம் யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தேர்தல் அலுவலுக்கு முதலில் அழைக்கப்படுகிறவர்கள் சர்க்கார் பள்ளியிலும், சர்க்கார் உதவி பெறும் பள்ளியிலும் உள்ளவர்கள். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியில் பெரும்பாலும் ஓட்டு நாள் ஒன்றே விடுமுறை. மற்ற நாட்களில் பாடம் வழக்கம்போல் நடக்கும். இந்தப் பத்திரிகையின் நேயர்களில் பலருடைய குழந்தைகள் அங்கேதான் படிக்கிறார்கள். ஆகவேதான் "ஒரு நாள் மூடலாமா" என்ற கேள்வி அவர்களுக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு நாளுக்கு மேல் அவர்கள் இழப்பதில்லை. கூலி வேலைக்குப் போகும் தாயின் குழந்தை எத்தனை நாள் இழந்தது என்று அந்தத் தாய்க்கே தெரியாது. குழந்தை தினமும் பையைத் தூக்கிக்கொண்டு போய் வந்ததே! பள்ளி உண்மையாகவே மூடிவிட்டால் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அன்று சோறு இல்லை. 1982 முதல் சத்துணவு. 2022இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் சர்க்கார் துவக்கப்பள்ளிகளுக்கெல்லாம் விரிந்த காலை உணவு. இரண்டு வேளையும் பள்ளியில் சாப்பிடும் குழந்தைக்கு விடுமுறை என்பது வேறு அர்த்தமுள்ள வார்த்தை. வெள்ளிக்கிழமை ஓட்டு நாளைக் கண்டு எல்லாப் பிள்ளைகளும் குதிக்கவில்லை என்பதை நான் அறிவேன்.

சட்டம் இதற்கு ஒரு வழி சொல்லாமலில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஆசிரியரைக் கல்வியல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாக ஆரம்பிக்கிறது. பிறகு, பத்து வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கும் ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், உள்ளாட்சி முதல் பாராளுமன்றம் வரையிலான தேர்தல் வேலை ஆகியவை நீங்கலாக என்று முடிக்கிறது. வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த கதைதான். இந்தச் சட்டத்துக்கு முன்பே, டில்லியிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2007 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: பட்டியல் திருத்தம் முதலிய வேலைகளுக்கு ஆசிரியர்களை விடுமுறை நாட்களிலும் பாடமில்லாத நேரத்திலும் பயன்படுத்தலாம், பாட நாளில், பாட நேரத்தில் சாதாரணமாக அனுப்பலாகாது, பாடம் நடத்தாத ஊழியர்களை எந்த நாளும் அழைத்துக்கொள்ளலாம். இதைவிட நியாயமான தீர்ப்பு இருக்க முடியாது. நடைமுறையில் "சாதாரணமாக" என்ற ஒரு சொல்லின் வழியாக எத்தனை உபாத்தியாயர்கள் வெளியே போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

மற்ற தேசங்களிலும் இந்தத் தொல்லை இருக்கிறது. அமெரிக்காவில் 1845ஆம் வருஷத்துச் சட்டப்படி நவம்பர் மாதத்தில் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய்தான் தேர்தல் நாள். குடியானவர்கள் ஞாயிறு மாதா கோயிலுக்குப் போய்விட்டு, திங்கள் வண்டி கட்டிப் புறப்பட்டு, செவ்வாய் ஓட்டுப் போடட்டும் என்று ஏற்படுத்தியதாகச் சொல்வார்கள். வண்டி மாடு போய் மோட்டார் வந்த பிறகும் செவ்வாய்க்கிழமை போகவில்லை. அங்கும் பள்ளிக்கூடங்கள்தான் ஓட்டுச் சாவடிகள். அன்னியர்கள் உள்ளே நடமாடும் நாளில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பில்லை என்று பல ஊர்களில் பள்ளியை மூடிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் வியாழக்கிழமை. பிரான்சு, ஜெர்மனி, ஜப்பான் தேசங்களில் ஞாயிறு. ஆஸ்திரேலியாவில் சனிக்கிழமை, அங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் உண்டு. எல்லோரும் வந்துதான் ஆக வேண்டுமென்பதால், அந்தந்தப் பள்ளியின் பெற்றோர் சங்கத்தார் வாசலில் அடுப்பு மூட்டி, ரொட்டியில் சுட்ட இறைச்சியை வைத்து விற்று, வருகிற காசைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறார்கள். தேர்தலால் பள்ளிக்கு வருமானம்! நம் ஊரில் இட்லி விற்கலாம்; ஆனால் எந்தக் கட்சி இட்லி என்று சண்டை வந்துவிடுமோ என்று பயமாயிருக்கிறது.

நம் தேசத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் பதிவு நடக்காததல்ல. 2019இல் பாராளுமன்றத் தேர்தலின் கடைசி இரண்டு கட்டங்கள், மே 12ஆம் தேதியும் 19ஆம் தேதியும், ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தன. கிறிஸ்தவ சகோதரர்கள் காலைப் பூசைக்குப் போக வேண்டுமே என்றால், பதினொரு மணி நேரம் திறந்திருக்கும் சாவடியில் அதற்கு இடமில்லாமற் போகாது. போலீஸ் படைகள் ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருப்பதால் எல்லாக் கட்டங்களையும் ஞாயிற்றுக்கிழமையில் வைக்க முடியாது என்பது உண்மையான தடை; அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்நாட்டுக்கு ஒரே கட்டம்தான். அதற்கு ஒரு ஞாயிறு கிடைக்காதா? எல்லாத் தேர்தல்களையும் ஒன்றாக நடத்திவிட்டால் பள்ளிக்கூடங்கள் பிழைக்கும் என்று சிலர் புதிதாக வாதாடுகிறார்கள். 2024 மார்ச்சில் அதற்காக ஒரு பெரிய அறிக்கையும் வந்தது. அந்த வாதத்துக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் ராஜ்ய விஷயங்கள் ஆயிரம் உண்டு. பள்ளிக்கூடத்தை மட்டும் அதற்குச் சாட்சியாக இழுக்க வேண்டாம். எங்களுக்காக அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. பயிற்சி வகுப்பின் தேதியைத் திருத்தினால் போதும்.

உபாத்தியாயர்களை விட்டால் வேறு ஆள் யார் என்று அதிகாரிகள் கேட்பார்கள். ஓட்டு நாளுக்கு வேறு ஆள் வேண்டாம். அன்று நாங்கள் வருகிறோம். வருஷத்தில் ஒரு நாள் தேசத்தின் கணக்கப்பிள்ளையாக இருப்பது எங்களுக்குப் பெருமைதான். வருஷம் முழுவதும் நடக்கும் பட்டியல் வேலைக்குத்தான் வேறு கை வேண்டும். பட்டம் பெற்று வேலையில்லாமல் இருக்கும் வாலிபர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். சம்பளம் கொடுத்துப் பழக்கிப் பொறுப்பும் கொடுத்தால் செய்யமாட்டார்களா? நடுநிலைமை இராது என்பது ஆட்சேபம். கட்சிச் சார்பு இல்லை என்று உறுதி வாங்கி, மேற்பார்வைக்கு ஒரு சர்க்கார் ஊழியரை வைத்தால் அது தீராத வியாதியல்ல. செலவாகும், உண்மைதான். இப்போதும் செலவாகிறது, ஆனால் அதை எந்த பட்ஜெட்டிலும் எழுதுவதில்லை.

வீண்போன நாட்களை ஈடு செய்வது இரண்டாவது காரியம். மழைக்கு மூடிய நாளுக்குச் சனிக்கிழமை உண்டு. ஆசிரியர் இல்லாத நாளுக்கு எதுவும் கிடையாது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவரை அழைக்கும்போது அந்த நாளைப் பாதி நாளாகவும், இருவரையும் அழைக்கும்போது விடுமுறையாகவும் ஒளிக்காமல் எழுதட்டும். பள்ளியை மூடியே விடட்டும் என்றுகூட நான் சொல்வேன். மூடிய நாளுக்காவது ஒரு கேள்வி பிறக்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சட்டமே ஓர் இடம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 2024இல் தமிழ்நாடு முழுவதும் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். சுண்ணாம்பு அடிப்பதையும் குடிநீர்க் குழாயையும் பற்றி அங்கே பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். அடுத்த கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "சென்ற வருஷம் நம் பள்ளியில் தேர்தல் வேலைக்காக எத்தனை ஆசிரியர் நாள் போயிற்று?" என்று கேட்கட்டும். பதில் தலைமை ஆசிரியரின் மேஜைமேலேயே இருக்கிறது. யார், எந்தத் தேதியில், எந்த வேலையாகப் பள்ளியை விட்டு வெளியே போனார் என்று எழுதும் நடமாட்டப் பதிவேடு ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வரியும் அதில் கையெழுத்தோடு இருக்கிறது. இதுவரை யாரும் அதைக் கூட்டிப் பார்த்ததில்லை. நாலாம் வகுப்புக் கணக்குத்தான். அரை மணி நேரம் பிடிக்கும்.